அரியலூர் வாத்தியாரும் அடகுச் சீட்டும்

(சிறுசேமிப்புக் குழுக்களின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மழையையும் பாராமல் வந்திருக்கிறீர்கள். கொழுந்து நிறுத்த கையோடு பிள்ளைக் காம்பராவுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே வந்தவர்களும் இருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் பேசிவிடுகிறோம்.

இன்று நாம் சொல்லப்போவது காசுக்கணக்கு படிப்பித்த ஒரு பேராசிரியரின் கதை. பெயர் சி. ரங்கராஜன். 1932இல் அரியலூரில் பிறந்தவர். அரியலூர் அப்போது திருச்சி ஜில்லாவைச் சேர்ந்தது. திருச்சி ஜில்லா என்றதும் சில பாட்டிமார் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது! நம்மில் எத்தனையோ பேருடைய பூட்டன்மார் தகரத் துண்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு புறப்பட்டது அந்தச் சீமையிலிருந்துதானே.

அவர் சென்னை லயோலாக் கல்லூரியில் படித்தார். அமெரிக்காவில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் 1964இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அங்கேயும் படிப்பித்தார், பிறகு அகமதாபாத்தில் உள்ள இந்திய முகாமைத்துவ நிறுவனத்தில் பல வருடம் பேராசிரியராக இருந்தார். பணம் எப்படி ஓடுகிறது, வங்கி எப்படி நடக்கிறது என்பதுதான் அவர் பாடம். 1982இல் அவரைக் கூப்பிட்டு இந்திய ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநராக உட்கார வைத்தார்கள். கரும்பலகையில் எழுதியதைக் கஜானாவில் செய்து காட்டு என்பது போல.

இனி 1991க்கு வருவோம். அந்த வருடம் இந்தியாவிடம் வெளிநாட்டுக் காசு ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. இரண்டு மூன்று கிழமைக்குச் சாமான் இறக்கத்தான் கையில் இருந்தது. வீட்டில் அரிசிப் பானை காலியானால் நாம் என்ன செய்வோம்? அம்மா காதுத் தோட்டைக் கழற்றுவாள். அந்தப் பெரிய தேசமும் அதையேதான் செய்தது. ஜூலை மாதத்தில் ஏறக்குறைய 47 தொன் தங்கத்தை விமானத்தில் ஏற்றி இலண்டனுக்கு அனுப்பி, அதை ஈடாக வைத்து 40 கோடி டொலர் அளவில் கடன் வாங்கினார்கள். ஊரெல்லாம் வெட்கக்கேடு என்று பேசியது. தோட்டை அடகு வைத்துவிட்டு வெறுங்காதோடு கோயிலுக்குப் போன தாய்மாருக்கு அந்த வெட்கம் விளங்கும்.

ஆனால் பாருங்க, அந்தக் கடனை அந்த வருடம் முடிவதற்குள்ளேயே அடைத்து ஈட்டை மீட்டுவிட்டார்கள். அடகு வைக்கும்போதே எப்படி மீட்பது என்ற கணக்கும் கையில் இருந்தது. நம்மிடம் குறைவது அந்த இரண்டாவது கணக்குத்தான். தேயிலைத் தூள் பேணிக்குள் சுருட்டி வைத்த சீட்டில் தவணை தப்பிப்போய், மூழ்கிய நகை எத்தனை?

அதே ஜூலையில் இந்திய ரூபாயின் மதிப்பையும் இரண்டு படியாகக் குறைத்தார்கள். 1ஆம் திகதி ஒரு படி, 3ஆம் திகதி மறு படி. இரண்டாவதை நிறுத்த முடியுமா என்று நிதியமைச்சர் மன்மோகன் சிங் காலையில் தொலைபேசியில் கேட்டாராம். அதற்குள் நம்ம பேராசிரியர் அறிவித்தே விட்டார்!

1992 கடைசியில் அவரே ரிசர்வ் வங்கியின் ஆளுநரானார். 1997 வரை இருந்தார். அவர் செய்ததில் பெரியது எது என்று எங்களைக் கேட்டால், தங்கத்தைச் சொல்ல மாட்டோம். கடைக் கொப்பியை மூடினாரே, அதைத்தான் சொல்லுவோம். அதென்ன கொப்பி? 1955 முதல் ஒரு வழக்கம் இருந்தது. அரசாங்கத்துக்குக் காசு குறைந்தால் ஒரு பத்திரம் எழுதி ரிசர்வ் வங்கியிடம் நீட்டும், வங்கி காசைக் கொடுத்துவிடும். நாம் நாட்டுக்கடையில் "கொப்பியில எழுதுங்க முதலாளி" என்போமே, அது மாதிரி. முதலாளியாவது ஒருநாள் போதும் என்பார். இங்கே அந்தப் பேச்சே கிடையாது. இப்படிப் புதுக்காசு பெருகப் பெருக விலைவாசி ஏறும். 1994 செப்டெம்பரில் அரசாங்கத்தோடு ஒப்பந்தம் எழுதிப் படிப்படியாகக் குறைத்து, 1997 ஏப்ரலோடு அந்த வழக்கத்தை நிறுத்தினார்கள்.

இதெல்லாம் இந்தியாக் கதை, நமக்கென்ன என்கிறீர்களா? 2021 மார்ச்சில், எத்தனையோ வருடப் போராட்டத்துக்குப் பிறகு, நம் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை அறிவித்தது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண் ஒரு வருடத்துக்கு முன் இருந்ததைவிட ஏறக்குறைய 70 வீதம் கூடியிருந்தது. முன்பு 1000 ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்கு 1700 ரூபாய். டொலர் இல்லாததும் காரணம், ரூபாய் விழுந்ததும் காரணம், காசை அளவில்லாமல் அச்சிட்டதும் காரணம். செக்றோலில் ஒரு பேரும் குறையவில்லை, ஆனால் ரொட்டி சின்னதாகிப் போச்சு. கொழுந்து பறிக்காத யாரோ எழுதிய கொப்பிக்கு நாம் கட்டினோம்.

அவரைப் பற்றி நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போகவும் மனமில்லை. 2014இல் அவர் தலைமையிலான குழு, கிராமத்தில் ஒருவர் நாளைக்கு 32 ரூபாய்க்கு மேல் செலவழித்தால் ஏழையில்லை என்று கோடு போட்டது. அதற்கு முந்திய கணக்கு 27 ரூபாய்தான், இவர் கூட்டித்தான் வைத்தார். இருந்தாலும் 32 ரூபாயில் வாழ்ந்து பார்த்தவர் யாரும் அந்தக் குழுவில் இருந்திருக்க மாட்டார்கள் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

2008இல் அவர் கொடுத்த இன்னொரு அறிக்கை நமக்குக் கிட்டவானது. இந்தியாவில் 100 விவசாயக் குடும்பங்களில் 27 குடும்பங்கள்தான் வங்கி, கூட்டுறவு போன்ற முறையான இடத்தில் கடன் வாங்குகின்றன என்று அதில் எடுத்துக்காட்டினார். மிச்சம் பேர் வட்டிக்காரரிடம், இல்லாவிட்டால் எங்கேயும் இல்லை. நம் லயத்தில் இதே கணக்கை எடுத்தால் எத்தனை வரும்? யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. நாமே எடுக்கலாம் என்பதுதான் இன்றைக்கு நாங்கள் கேட்க வந்தது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் இருக்கிற அடகுச் சீட்டு, கைமாற்றுக் கணக்கு, கடைக் கொப்பி எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். வெட்கப்பட வேண்டாம், ஒரு தேசமே அடகு வைத்திருக்கிறது. உயர்தரத்தில் வர்த்தகம் படிக்கிற நம்ம புள்ளைங்க மூன்று பேர் உட்கார்ந்து, ஒவ்வொரு சீட்டுக்கும் வட்டி எவ்வளவு, தவணை எந்தத் திகதி என்று எழுதித் தருவார்கள். மூழ்கப் போகிற நகை இருந்தால் குழுக் கையிருப்பிலிருந்து முதலில் அதை மீட்கலாமா என்று அன்றைக்கே பேசி முடிவெடுப்போம். கண்ணாடி வைத்திருக்கிறவர்கள் மறக்காமல் எடுத்து வாங்க, அந்தச் சீட்டில் எழுத்து ரொம்பப் பொடிசு.