எடை மெஷின் சொல்வதும் சொல்லாததும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில், சிதம்பரத்தில் பேசியது)



கடலூர் முதுநகரில் எங்க குழுவில் பன்னிரண்டு பேர். ஆளுக்கு 120 ரூபாய் போட்டு, 1,440 ரூபாய்க்கு செல்போனோடு சேர்ந்து வேலை செய்யும் எடை மெஷின் ஒண்ணு வாங்கினோம். சேமிப்புப் பணத்தைத் தொடலை. ஆறு மாசமா பயன்படுத்துறோம். அதில் தெரிஞ்சுகிட்டதைச் சொல்றேன்.

மெஷின் நிஜமா அளக்கிறது எடையை மட்டும்தான். கொழுப்பு, தசை, எலும்புன்னு செல்போனில் வருவதெல்லாம் கணிப்பு. பாதம் வழியா நமக்குத் தெரியாத அளவு லேசான மின்சாரத்தை அனுப்பி, வயசு, உயரத்தோடு சேர்த்துக் கணக்குப் போடுது. உடம்பில் தண்ணி கூடினா, குறைஞ்சா கணக்கும் மாறும். ஒரே நாளில் எனக்குக் காலையில் கொழுப்பு 34 சதவீதம், சாயந்திரம் 31. அதனால அந்த எண்ணை நம்பிச் சந்தோஷப்படவும் வேண்டாம், அழவும் வேண்டாம். பேஸ்மேக்கர் வச்சவங்க இந்த மெஷினில் ஏறவே கூடாது. கர்ப்பிணிகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்க்கிற எடையே போதும்.

மெஷினைப் பாய் மேல வைக்காதீங்க, சிமெண்ட் தரையில் வையுங்க. வாரம் ஒரு நாள், காலையில் வெறும் வயித்தில் ஏறுங்க. ராத்திரி கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டா, உப்புக்குத் தண்ணி தங்கி மறுநாள் எடை ஏறும். அது கொழுப்பு இல்லை. ஒரு மாசச் சேமிப்பை வச்சு ஒரு குழுவை மதிப்பிடுவோமா? பாஸ்புக் முழுசையும்தானே பார்க்கிறோம். எடையும் அப்படித்தான்.

நம்ம நாட்டவர்களுக்கு உடல் நிறை குறியீடு 23-க்கு மேல் போனா அதிக எடை, 25 ஆனா உடல் பருமன். 150 சென்டிமீட்டர் உயரமுள்ளவங்களுக்கு அது 52 கிலோ, 56 கிலோ. தையல் டேப்பையும் எடுத்துக்குங்க. பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது.

இப்போ முக்கியமான விஷயம். எங்க குழு அக்கா ஒருத்தருக்கு ரெண்டு மாசத்தில் அஞ்சு கிலோ குறைஞ்சது. செல்போன் பச்சை நிறம் காட்டுச்சு. எல்லாரும் கை தட்டினோம். ஆனா அவங்க சாப்பாட்டைக் குறைக்கலை. தாகம் அடங்கலை, ராத்திரி நாலு தடவை எழுந்து போறாங்க. மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர் வீட்டுக்கு வந்து பார்த்தாங்க. சர்க்கரை ரொம்ப அதிகம். இப்போ மாத்திரை சாப்பிடுறாங்க, நல்லா இருக்காங்க.

முயற்சி பண்ணாம எடை குறைஞ்சா அது பரிசு இல்லை, எச்சரிக்கை. கால் வீங்கி, மூச்சு வாங்கி, சில நாளிலேயே ரெண்டு கிலோ ஏறினாலும் உடனே டாக்டரைப் பாருங்க. மெஷினுக்கு எண் தெரியும், காரணம் தெரியாது.

2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கின அந்தத் திட்டத்தில் வீடு வீடா வருகிற தன்னார்வலர்கள் நம்மைப் போல குழுவில் இருக்கிற பெண்கள்தான். எடை எழுதின நோட்டை அவங்ககிட்ட காட்டுங்க.

இன்னும் ரெண்டு வேண்டுகோள். ஒருத்தர் எடையை மத்தவங்க சத்தம் போட்டுப் படிக்கக் கூடாது. செல்போனில் வரும் எடைக் குறைப்புப் பவுடர் விளம்பரத்துக்குக் காசு கொடுக்காதீங்க.

மெஷின் வாங்க வசதியில்லாத குழுக்களுக்காக ஊராட்சிக்கு ஒரு மெஷின், ஒரு டேப், ஒரு நோட்டு வைக்கக் கூட்டமைப்பு தீர்மானம் போடணும்னு கேட்டு முடிக்கிறேன்.