எல்லையில் ஒரு கரிவரி

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழரில் சாலைக் கம்போளத்தை அறியாதவர் இரார். திவான் ராஜா கேசவதாசர் 18-ஆம் நூற்றாண்டில் அமைத்த கடைத்தெரு அது. எழுத்தாளர் ஆ. மாதவன் பாத்திரக் கடை நடத்திக்கொண்டே கதைகள் எழுதியதும் அங்கேதான். கிழக்கேயிருந்து திருவிதாங்கூருக்குள் வந்த சரக்குக்கு ஒரு காலத்தில் எல்லைச் சவுக்கையில் சுங்கம் உண்டு. 1865-இல் பிரிட்டிஷ் இந்தியாவோடு ஏற்பட்ட உடன்படிக்கை அத்தடையைப் பெரும்பாலும் நீக்கிற்று. ஆனால் ஒரு நிபந்தனை: திருவிதாங்கூர் தன் துறைமுகங்களில் பிரிட்டிஷாரின் தீர்வை விகிதங்களையே கைக்கொள்ள வேண்டும். 'என் வரியை உன் வீட்டிலேயே வாங்கிவிடு. என் வாசலில் உன்னை நிறுத்தேன்' என்பதே அதன் பொருள்.

நேயர்களே, இன்று அதே பேச்சு ஐரோப்பாவிலிருந்து கேட்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் தன் ஆலைகள் விடும் கரியமில வாயுவுக்கு 2005 முதல் விலை வைத்திருக்கிறது. அவ்விலையில்லாத தேசத்து இரும்பு மலிவாக வந்திறங்கினால், ஆலைதான் இடம்பெயரும், புகை குறையாது. ஆகவே இரும்பு, அலுமினியம், சிமெண்டு, உரம் முதலியவற்றை இறக்குமதி செய்வோர் அவற்றின் புகைக் கணக்கை 2023 அக்டோபர் முதல் ஒப்புவிக்கலாயினர். 2026 முதல் இறங்கும் சரக்குக்குப் பணமும் உண்டு. இவ்விதியைத் தமிழாக்கிப் பார்த்தேன். 'வரி' என்னும் சொல்லைக் கவனமாய்த் தவிர்த்து, 'சரிக்கட்டல்' என்றே எழுதியிருக்கிறார்கள். கட்டுகிறவனுக்கு எப்பெயராயினும் ஒன்றே.

நம் நாட்டில் ஒரு டன் உருக்குக்கு ஏறத்தாழ இரண்டரை டன் கரியமில வாயு வெளிப்படுகிறது. உலகச் சராசரி இரண்டுக்குச் சற்றுக் குறைவு. நிலக்கரியை நம்பிய உலைகளே முக்கிய காரணம். நூற்றாண்டுக்கு மேலாகப் புகைவிட்டுச் செல்வம் சேர்த்தவர் நம்மிடம் பணம் கேட்கலாமா என்னும் வினா நியாயமானதே. ஆயினும் சரக்கு உற்பத்தியான நாட்டிலேயே கரிக்கு விலை செலுத்தியிருந்தால், அத்தொகையைக் கழித்துக்கொள்ள அவ்விதி இடந்தருகிறது. 2023-இல் நம் அரசு அறிவித்த கார்பன் வரவு வணிகத் திட்டம் இங்கேதான் பொருள் பெறுகிறது. கொடுத்தே தீரவேண்டிய பணமானால் அது நம் நாட்டில் தங்கிப் பழைய உலைகளை மாற்ற உதவட்டும் என்பது என் கருத்து.

சாலையில் பாத்திரம் வாங்குவோரை இது நேரே தொடாது. லூதியானாவிலோ கோயம்புத்தூரிலோ பட்டறை வைத்திருக்கும் நேயர் கவனிக்க வேண்டும். இரும்புத் திருகாணியும் பட்டியலில் இருக்கிறது. ஆண்டுக்கு ஐம்பது டன்னுக்கு மேற்படாமல் வாங்கும் ஐரோப்பிய இறக்குமதியாளருக்கு விலக்கு உண்டு. அதற்கு மேற்பட்டவர், இக்கம்பி எந்த உலையில் உருகியது, எவ்வளவு புகைந்தது என்று கேட்பார். இரும்புக் கடைக்காரர் தரும் ரசீதில் எடையும் விலையும் மட்டுமே இருக்கின்றன.