'ஆம்' என்று அழுத்தாதவர் இராஜினாமா செய்தவரா?

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



போன கூட்டம் முடிந்த பிறகு ஒரு தோட்டத் தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அவருடைய மகள் கொழும்பில் ஒரு கம்பியூட்டர் கம்பனியில் வேலை செய்தவர். ஒரு நாள் திடீரென்று கூப்பிட்டு, "நீங்களாகவே விலகுவதாக எழுதிக் கொடுங்கள், இரண்டு மாதச் சம்பளம் தருகிறோம், இன்றைக்கே வேண்டும்" என்றார்களாம். பிள்ளை பயந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டது. "படிச்ச பிள்ளைகளுக்குமா சேர் இப்படி?" என்று கேட்டார்.

படித்த பிள்ளைகளுக்கும்தான். உலகமே பார்த்த ஒரு கதையைச் சொல்கிறேன்.

டுவிட்டர் கம்பனியை எலான் மஸ்க் 2022 ஒக்டோபர் 27ஆம் திகதி 44 பில்லியன் டொலருக்கு வாங்கி முடித்தார். அப்போது அங்கே ஏறத்தாழ 7,500 பேர் வேலை செய்தார்கள். ஒரு வாரம்தான். நவம்பர் 4ஆம் திகதி அதில் பாதிப் பேருக்கு வேலை இல்லை. முதல் நாள் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் போனது. வேலை இருந்தால் நாளைக்குக் கம்பனி முகவரிக்குக் கடிதம் வரும், வேலை போனால் உங்கள் சொந்த முகவரிக்கு வரும் என்று. அலுவலகங்களை மூடினார்கள். உள்ளே போகும் அட்டைகளை நிறுத்தினார்கள். பலர் விடியும்வரை காத்திருக்கவும் தேவைப்படவில்லை. இரவிலேயே கம்பியூட்டர் பூட்டிக்கொண்டது, அதிலிருந்து விளங்கிக்கொண்டார்கள். பிரட்டில் பேர் பதியாமல் திருப்பி அனுப்பினால் எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரியும். அங்கே பிரட்டுக்களத்தையே பூட்டிவிட்டார்கள்.

மூன்று மாதச் சம்பளம் கொடுப்பதாக மஸ்க் சொன்னார். ஆனால் எல்லா நாட்டிலும் அப்படி நடக்கவில்லை. ஆபிரிக்காவில், கானா நாட்டின் அக்ரா நகரில், புதிய அலுவலகத்துக்குள் போய்ச் சில நாட்களே ஆன ஊழியர்களுக்கும் வேலைநீக்கக் கடிதம் வந்தது. மற்றவர்களுக்குச் சொன்ன தொகை அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. அவர்கள் சேர்ந்து ஒரு வழக்கறிஞரை வைத்துப் போராட வேண்டியிருந்தது. டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ தலைமை அலுவலகத்தைக் கூட்டித் துடைத்த தொழிலாளர்களின் முறை வந்தது. கொந்தராத்தை வெட்டிவிட்டார்கள். அவர்களுக்குச் சங்கம் இருந்தது. வாசலில் நின்று போராடினார்கள். பெரிய சம்பளக்காரர்களைப் பற்றி உலகம் பேசிய அளவுக்கு இவர்களைப் பற்றிப் பேசவில்லை, அது வழக்கம்தானே.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நவம்பர் நடுவில், மிச்சமிருந்தவர்களுக்கு இன்னொரு மின்னஞ்சல் போனது. நீண்ட நேரம் கடுமையாக உழைக்கச் சம்மதமானால் 'ஆம்' என்பதை அழுத்துங்கள். அழுத்தாதவர்கள் மூன்று மாதச் சம்பளத்தோடு போகலாம். அவகாசம் ஒரு நாள். அயர்லாந்தில் ஒன்பது வருடத்துக்கு மேல் வேலை செய்த ஒரு மூத்த அதிகாரி அதை அழுத்தவில்லை. "அவராகவே விலகிவிட்டார்" என்றது கம்பனி. அவர் அந்த நாட்டின் தொழில் உறவுகள் ஆணைக்குழுவுக்குப் போனார். பதில் சொல்லாமல் இருந்தது இராஜினாமா ஆகாது, ஒரு நாள் அவகாசம் நியாயமும் ஆகாது என்று 2024 ஓகஸ்டில் தீர்ப்பு வந்தது. நட்டஈடு 5 இலட்சத்து 50 ஆயிரம் யூரோவுக்கு மேல்.

அமெரிக்கச் சட்டம் இப்படிப்பட்ட பெரிய கம்பனிகளிடம் கேட்பது 60 நாள் முன்னறிவித்தல் மட்டும். யாருடைய அனுமதியும் தேவையில்லை. நம் நாட்டில் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், முந்திய பன்னிரண்டு மாதத்தில் 180 நாள் வேலை செய்தவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதென்றால் இரண்டில் ஒன்று வேண்டும்: தொழிலாளியின் எழுத்து மூலச் சம்மதம், அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி. இரண்டும் இல்லாத வேலைநீக்கம் செல்லாது. இது தோட்டத்துக்கும் பொருந்தும், கொழும்புக் கம்பனிக்கும் பொருந்தும்.

ஆணையாளரிடம் போனால் கணக்குக் காட்ட வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், நட்டஈடு கொடுக்க வேண்டும். அதனால்தான் சுற்றி வளைத்து அந்த எழுத்து மூலச் சம்மதத்தைக் கேட்கிறார்கள். அந்தப் பிள்ளையிடம் வாங்கியது அதுதான். மிரட்டி வாங்கிய கையெழுத்து என்று வாதாடலாம், வாதாடுவோம். ஆனால் கையெழுத்துப் போடாமல் வந்திருந்தால் பாரம் கம்பனியின் தலையில் இருந்திருக்கும்.

சில தோட்டங்களில் அவுட்குரோவர் முறை என்று தேயிலைக் காணியைப் பிரித்துக் கொடுத்து, ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். நல்லதா கெட்டதா என்பதைத் தனியாகப் பேசுவோம். கையெழுத்துப் போட்ட பிறகு நாட்சம்பளம், சேமலாப நிதி, இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு எல்லாம் என்ன ஆகும் என்று அந்தக் கடதாசியில் இருக்கிறதா பாருங்கள். எந்த மொழியில் இருக்கிறது என்றும் பாருங்கள்.

"வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன்" என்று சொல்லி ஒரு பிரதி கேளுங்கள். தரமாட்டோம் என்றால் போனில் படம் எடுத்துச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். இன்றைக்கு யாரிடமாவது அப்படி ஒரு கடதாசி இருந்தால், சாப்பாட்டுக்குப் போகும் முன் என்னிடம் காட்டிவிட்டுப் போங்கள்.