ஒரு வளவு, நான்கு வாசல்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு சட்டத்தைப் பற்றி. ஆங்கிலத்தில் சோனிங் என்பார்கள். தமிழில் வலய விதி எனலாம். எந்தக் காணியில் என்ன கட்டலாம், எவ்வளவு உயரத்துக்குக் கட்டலாம், அதில் எத்தனை குடியிருப்புகள் இருக்கலாம் என்று மாநகரசபை எழுதி வைத்திருக்கும் விதி அது. கேட்க அலுப்பான விடயம்தான். ஆனால் வாடகை ஏன் இப்படி ஏறியது, பிள்ளைகள் ஏன் ஒஷாவாவுக்கு அப்பால் போய் வீடு தேடுகிறார்கள் என்று கேட்கும் எல்லோரும் இதைக் கொஞ்சம் அறிந்திருக்க வேண்டும்.

ரொறன்ரோ மாநகரசபை 1912ஆம் ஆண்டிலேயே குடியிருப்புத் தெருக்களில் அப்பார்ட்மென்ற் கட்டுவதைத் தடைசெய்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஸ்காபரோவின் பண்ணை நிலங்கள் வீட்டுக் காணிகளாக மாறியபோதும் அதே எண்ணம்தான். பெருந்தெரு ஓரங்களில் உயர்ந்த மாடிகள். உள்தெருக்களில் ஒரு காணிக்கு ஒரு வீடு. நகர வரைபடத்தில் இந்தப் பகுதிகளுக்கு மஞ்சள் நிறம் பூசியிருப்பதால் 'மஞ்சள் வலயம்' என்ற பெயரும் வந்தது.

நாங்கள் 83க்குப் பிறகு இங்கு வந்து சேர்ந்தபோது மாடிகளிலும் பேஸ்மென்றுகளிலும்தான் இடம் கிடைத்தது. அந்தக் காலத்தில் ஸ்காபரோவின் தனிவீடுகளில் இரண்டாவது குடியிருப்புக்கு அனுமதி இருக்கவில்லை. நான் 1989இல் இருந்த பேஸ்மென்றில் வீட்டுக்காரர் சொன்ன முதல் வார்த்தை, "பெல் அடித்தால் கதவைத் திறக்க வேண்டாம், தம்பி" என்பதுதான். வாடகை ஒழுங்காகக் கொடுத்தோம், வேலைக்குப் போனோம், வரி கட்டினோம். ஆனாலும் ஒளிந்திருப்பவர்கள் போல இருந்தோம். ஜன்னல் சிறிது, வெளியேற ஒரே ஒரு படிக்கட்டு. முறைப்பாடு செய்தால் எங்கள் இருப்பிடமே போய்விடும் என்பதால் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

1994இல் ஒன்ராறியோ அரசு தனிவீடுகளில் இரண்டாவது குடியிருப்பை அனுமதித்தது. அடுத்து வந்த அரசு 1996இல் அதை மாற்றி, முடிவை மீண்டும் மாநகரசபைகளின் கையில் விட்டது. 1998இல் ஆறு நகரங்கள் இணைந்து உருவான புதிய ரொறன்ரோ, 2000ஆம் ஆண்டில்தான் நகரம் முழுவதற்கும் அதை அனுமதித்தது. அறைகளாக வாடகைக்கு விடும் வீடுகளுக்கோ இன்னும் நெடுங்காலம் எடுத்தது. ஸ்காபரோவிலும் நோர்த் யோர்க்கிலும் அவை சட்டபூர்வமானது 2024 மார்ச் 31இல்தான். இப்போது அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும், தீப் பாதுகாப்பு விதிகளை நிறைவேற்ற வேண்டும். சட்டத்துக்கு உள்ளே வந்தால்தான் வாடகைக்கு இருப்பவருக்கும் பாதுகாப்பு வரும்.

இனி அண்மைய மாற்றங்கள். பின்வளவில் தனியாக ஒரு சிறு வீடு கட்ட 2022இல் வழி திறந்தது. அந்த ஆண்டின் கடைசியில் மாகாண அரசு, நகர்ப்புற வீட்டுக் காணி ஒன்றில் மூன்று குடியிருப்புகள் வரை அனுமதித்தது. 2023 மே மாதம் ரொறன்ரோ மாநகரசபை அதை நான்காக்கியது. வாகனத் தரிப்பிடம் கட்டாயம் இல்லை. உயரம் பத்து மீட்டர் வரை, அதாவது சுமார் மூன்று மாடி. 2025 ஜூனில் ஆறு குடியிருப்புகள் பற்றி வாக்கெடுப்பு நடந்தது. நகரம் முழுவதற்கும் அது கிடைக்கவில்லை. நகரின் மத்திய பகுதிக்கும் கிழக்கு யோர்க்குக்கும், எங்கள் பக்கத்தில் 23ஆம் வட்டாரமான ஸ்காபரோ வடக்குக்கும் மட்டும் அனுமதித்தார்கள். மற்ற வட்டாரங்கள் விரும்பினால் சேரலாம்.

இது எங்களுக்குப் புதிய யோசனையா? ஊரில் தாய் தகப்பனின் வளவுக்குள்ளேயே மகளுக்கும் ஒரு வீடு கட்டிக் கொடுப்பது வழக்கம். ஒரே கிணறு, ஒரே படலை, இரண்டு அடுப்பு. இங்கே வயதான அம்மா ஐந்து அறை வீட்டில் தனியே இருக்கிறார். மகன் ஒரு மணித்தியாலம் கார் ஓடி வந்து பார்க்கிறார். அதே காணியில் மகனுக்கு ஒரு வாசல், மகளுக்கு ஒரு வாசல், வாடகைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ள இப்போது சட்டம் இடம் தருகிறது.

எதிர்ப்பவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். தெருவில் கார் நிறுத்த இடம் போதாது, பழைய கழிவுநீர்க் குழாய்கள் தாங்குமா, மரங்கள் போய்விடுமே என்கிறார்கள். இவை நியாயமான கேள்விகள். மாநகரசபை பதில் சொல்லத்தான் வேண்டும். புதிதாகக் கட்டும் வீடு உடனே மலிவாகவும் இராது. கட்டும் செலவு அதிகம். ஆனாலும் பல தனிவீட்டுத் தெருக்களில் முன்பைவிடக் குறைந்த ஆட்களே இப்போது இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள். குழாயும் பஸ்ஸும் பள்ளிக்கூடமும் அங்கேயே இருக்கின்றன.

எனக்கு மனவருத்தம் தருவது வேறொன்று. "கண்ட கண்ட ஆட்கள் வருவார்கள், வீட்டு விலை விழும்" என்ற பேச்சு இப்போது எங்கள் வாயிலிருந்தும் வருகிறது. அந்தக் 'கண்ட கண்ட ஆட்கள்' ஒரு காலத்தில் நாங்கள்தான். இன்று அந்தப் பேஸ்மென்றில் இருப்பவர் வெளிநாட்டு மாணவராக இருக்கலாம், வேறு நாட்டு அகதியாக இருக்கலாம். ஏறி வந்த ஏணியை இழுத்து மேலே வைப்பது எங்களுக்கு அழகல்ல.

வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மாற்றிக் கட்ட நினைத்தால் கட்டிட அனுமதி எடுத்துச் செய்யுங்கள். தீ பரவாத தடுப்பு, புகை எச்சரிக்கைக் கருவி, வெளியேறும் வழி இவற்றில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்கள். வாடகைக்கு இருப்பவர்களே, உங்களுக்கும் இதில் குரல் உண்டு. உங்கள் வட்டாரத்தில் இதுபற்றிக் கூட்டம் நடந்தால் போய் இரண்டு வார்த்தை பேசுங்கள். அங்கே வருபவர்கள் பெரும்பாலும் வேண்டாம் என்று சொல்ல வருபவர்கள். இடமில்லாமல் அலைந்த காலம் எப்படியிருந்தது என்பதை எங்களைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடியவர் யார்?