உடலுக்குள் ஓர் ஊர்க்காவல்



போடிநாயக்கனூரிலிருந்து அதிகாலையில் ஜீப்பேறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர்களை நாம் நாள்தோறும் காண்கிறோம். களையெடுக்கையில் கையில் முள் தைக்கிறது. கத்தி பட்டுக் காலில் கீறல் விழுகிறது. மழைக்காலத்தில் அட்டை கடிக்கிறது. அக்காயங்களில் பெரும்பாலானவை சில நாட்களில் தாமே ஆறிவிடுகின்றன. மண்ணிலும் சருகிலும் எண்ணற்ற கிருமிகள் இருக்க, ஒவ்வொரு முள்ளும் நம்மைப் படுக்கையில் வீழ்த்தாதது ஏன்? இதற்கு விடை காண்பதும், அவ்விடையிலிருந்து நம் கடமையை உணர்வதுமே இன்றைய பேச்சின் நோக்கம்.

முள்ளைக் கொண்டே இதை ஆராய்ந்தவர் ஒருவர் உண்டு. 1882-ஆம் ஆண்டில், இத்தாலி நாட்டின் மெஸ்ஸினா நகரில் தங்கியிருந்த மெச்னிக்காப் என்னும் ருஷ்ய அறிஞர், கண்ணாடிபோல் தெளிந்த உடலுடைய நட்சத்திர மீன் குஞ்சில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் பார்க்கையில், ஊர்ந்து செல்லும் உயிரணுக்கள் திரண்டு வந்து அம்முள்ளைச் சூழ்ந்து நின்றன. முள் தைத்த விரல் சிவந்து வீங்குவதும் இத்தகைய போராட்டமே என்று அவர் தெளிந்தார். 1908-இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

நம் உடலின் முதல் வேலி தோல். கண்ணீரிலும் உமிழ்நீரிலும் கிருமிகளைச் சிதைக்கும் பொருள் உண்டு. இரைப்பையில் அமிலம் உண்டு. வேலி கிழிந்தால் வெள்ளணுக்கள் அவ்விடத்திற்கு விரைந்து, கிருமிகளை விழுங்கிச் செரிக்கின்றன. இவ்வேலைக்கென எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் 10,000 கோடி வெள்ளணுக்களை உண்டாக்குகிறது. புண்ணில் தோன்றும் சீழ், பெரும்பாலும் அப்போரில் மடிந்த அணுக்களின் குவியலேயாகும்.

வெள்ளணுக்களுக்குத் துணையாக, இரத்தத்தின் தெளிநீரில் மற்றொரு படை எப்பொழுதும் காத்திருக்கிறது. பெல்ஜிய நாட்டு அறிஞர் ஜூல்ஸ் போர்டே, பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் 1895-ஆம் ஆண்டளவில் அதைக் கண்டறிந்தார். காலராக் கிருமியைக் கொல்லவல்ல தெளிநீரைச் சுமார் 55 பாகை சென்டிகிரேட் வெப்பத்தில் வைத்தபோது அது தன் ஆற்றலை இழந்தது. சூடாக்காத புதிய தெளிநீர் சிறிது சேர்த்ததும், இழந்த ஆற்றல் திரும்பிற்று. ஆகவே, வெப்பத்தால் கெட்டுப்போகும் துணைப்பொருள் ஒன்று இரத்தத்தில் இருப்பது புலனாயிற்று. 1919-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அத்துணைப்பொருளையே இன்று ‘காம்ப்ளிமென்ட்’ என்கின்றனர்.

இது தனியொரு பொருளன்று; முப்பதுக்கு மேற்பட்ட புரதங்களின் கூட்டம். இவற்றுள் பல கல்லீரலில் உண்டாகின்றன. சாதாரண நேரத்தில் இவை உறங்குவனபோல் மிதந்துகொண்டிருக்கும். கிருமியின்மேல் ஒன்று பற்றிக்கொண்டால் அது மற்றதை எழுப்பும். அது இன்னும் பலவற்றை எழுப்பும். ஒரு வீட்டில் ‘திருடன்’ என்று கூக்குரல் எழுந்தால் தெருவே விழித்துக்கொள்வதில்லையா? அதுபோன்றதே இது. விழித்த புரதங்கள் மூன்று வேலைகளைச் செய்கின்றன. கிருமியின்மேல் ஒட்டி, வெள்ளணுக்கள் அதை எளிதில் பிடிக்குமாறு செய்கின்றன. தூரத்திலுள்ள வெள்ளணுக்களை அழைக்கின்றன. சிலவகைக் கிருமிகளின் மேலுறையில் வளையம்போல் கூடித் துளையிட்டு, அவற்றை அழிக்கின்றன. நம் சொந்த அணுக்களின்மேல் இப்படை பாயாதவாறு தடுக்கும் புரதங்களும் நம் உடலில் உண்டு.

தடுப்பூசியால் வரும் பாதுகாப்பு, உடல் கற்றுக்கொள்ளும் பாதுகாப்பு. அறியாத கிருமியை எதிர்க்க உடல் கற்பதற்குப் பல நாட்கள் செல்லும். நாம் மேலே கூறிய காவலோ பிறவியிலேயே உள்ளது. சில நிமிஷங்களிலேயே வேலையைத் தொடங்குவது. எனினும், இக்காவலையும் ஏய்க்கும் கிருமிகள் உண்டு. நம் பகுதியின் பழைய வரலாறே அதற்குச் சான்று.

1896-இல் பம்பாயில் தோன்றிய பிளேக் நோய் நாடெங்கும் பரவியது. அந்நாளைய மதுரை ஜில்லாவில், நமக்கு அண்டையிலுள்ள கம்பம் பள்ளத்தாக்கையும் அது வாட்டிற்று. அங்கு நடந்த பிளேக் விசாரணையைப் பற்றி ஜார்ஜ், வெப்ஸ்டர் ஆகிய இருவர் எழுதிய கட்டுரை 1934-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியாயிற்று. எலிமேல் வாழும் தெள்ளுப்பூச்சியின் உடலில் பிளேக் கிருமிக்கு ஒரு வேஷம். மனித உடலின் 37 பாகை வெப்பத்திற்கு வந்ததும் வேறொரு வேஷம். மாறிய மேலுறையை நம் காவல் உடனே அடையாளம் காண்பதில்லை. அன்றியும், காம்ப்ளிமென்ட் படையை அடக்கும் நம் புரதத்தையே அக்கிருமி தன்மேல் ஒட்டிக்கொண்டு தப்புகிறது. திருடன் காவலர் உடுப்பை அணிந்துகொண்டது போன்றது இது. இத்தகைய கிருமியை உடற்காவலை மட்டும் நம்பி வெல்ல இயலாது. எலிகள் அண்டாத வீடும், தானியக் கிடங்கின் துப்புரவுமே அதை வாசலிலேயே தடுப்பவை.

இன்று இப்பகுதியில் பிளேக் இல்லை. ஆயினும் வேறு இரு நோய்களைத் தோட்டத்திற்குச் செல்வோர் மறத்தலாகாது. ஒன்று, புதர்களில் வாழும் நுண்ணிய பூச்சியால் வரும் உண்ணிக்காய்ச்சல். இதன் கிருமி நம் அணுக்களுக்குள்ளேயே புகுந்து வாழ்வதால், இரத்தத்தில் மிதக்கும் படை அதை எட்டுவது அரிது. காய்ச்சலுடன், கடிபட்ட இடத்தில் கருகிய சிறு புண் காணப்பட்டால் தாமதமின்றி மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். காலத்தில் மருந்து கொடுத்தால் பெரும்பாலும் விரைவில் குணமாகும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. மற்றொன்று ரணஜன்னி. மண்ணிலும் சாணத்திலும் உறங்கும் இதன் கிருமி, ஆழ்ந்த புண்ணில் புகுந்து நஞ்சைக் கக்குகிறது. கொடிய அந்நஞ்சை முறிக்கும் வன்மை பிறவிக் காவலுக்கு இல்லை. அந்நோய் கண்டு பிழைத்தவருக்குங்கூட அதனால் எதிர்ப்பாற்றல் உண்டாவதில்லை. தடுப்பூசியே நம்பத்தக்க காப்பு.

ஆகவே, பஞ்சாயத்துகள் செய்யத்தக்கன சில உண்டு. தோட்டத்திற்குச் செல்லும் ஒவ்வொரு குழுவிடமும் சோப்பும், சுத்தமான நீரும், கட்டுத்துணியும் இருக்குமாறு தோட்டக்காரர்களை வற்புறுத்துவோம். புண்ணின்மேல் சாணமோ சாம்பலோ வைக்கும் வழக்கத்தை அறவே விடச்செய்வோம். ரணஜன்னித் தடுப்பூசியை ஆரம்ப சுகாதார நிலையத்தில் முறைப்படி போட்டுக்கொள்ளுமாறு வீடுதோறும் சொல்வோம். கையும் காலும் மறையும்படி உடுத்து வேலைக்குச் செல்லச் சொல்வோம். தெருக் குப்பையை அகற்றி எலிகளுக்கு இடங்கொடாதிருப்போம்.

இவையனைத்தினும் மேலானது ஒன்று உண்டு. நாம் கூறிய படைகள் யாவும் நாம் உண்ணும் உணவிலிருந்தே ஆக்கப்படுகின்றன. கடும் போஷாக்குக் குறைவால் மெலிந்த குழந்தைகளின் இரத்தத்தில் காம்ப்ளிமென்ட் புரதங்கள் குறைந்திருப்பதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். காவற்காரனுக்குப் படி அளக்காத ஊரில் காவல் எப்படி நடக்கும்? தாயும் தந்தையும் மலையேறிச் சென்றபின், வீட்டிலிருக்கும் குழந்தை நண்பகலில் என்ன உண்டது என்று கேட்பதும் பஞ்சாயத்தின் வேலையே. அங்கன்வாடியில் பருப்பும் முட்டையும் முறையாக அக்குழந்தைக்குச் சேர்கின்றனவா என்று நேரில் சென்று பார்ப்போம்.

உடல் தன் காவலை இரவும் பகலும், நாம் கேளாமலே செய்துவருகிறது. அதற்குத் தோள் கொடுப்பது நம் பொறுப்பு. அப்பொறுப்பை ஏற்போமாக.