ஐந்து உலகக் கோப்பை, ஒரே ஒரு வெற்றி

(நமது குடியிருப்பின் விளையாட்டு விழாப் பரிசளிப்பில் பேசியது)



கோல் போட்டவர்களைப் பாராட்ட இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் கோல் கீப்பர்களுக்காகக் கொஞ்சம் பேசுகிறேன்.

மெக்சிகோவில் அன்டோனியோ கார்பஹால் என்று ஒரு கோல் கீப்பர் இருந்தார். 1929 ஜூன் 7 அன்று பிறந்தவர். 19 வயதில் 1948 லண்டன் ஒலிம்பிக்குக்கு மெக்சிகோ அணியோடு போனார். நம் இந்திய வீரர்கள் பலர் வெறுங்காலோடு ஆடினார்களே, அதே ஒலிம்பிக்தான். அடுத்து 1950-இல் பிரேசிலில் உலகக் கோப்பை. அதற்கு இந்தியாவும் தகுதி பெற்றிருந்தது, ஆனால் நாம் போகவில்லை. கார்பஹால் போனார். அதிலிருந்து 1966 வரை தொடர்ந்து ஐந்து உலகக் கோப்பைகளில் ஆடினார். அதுவரை உலகில் வேறு யாரும் அப்படி ஆடியதில்லை. 1998-இல் ஜெர்மனியின் லோதர் மத்தேயஸ் வந்துதான் அதைச் சமன் செய்தார்.

மெக்சிகோக்காரர்கள் அவருக்கு 'ஐந்து கோப்பைக்காரர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த ஐந்தில் ஒன்றைக்கூட மெக்சிகோ வெல்லவில்லை. முதல் சுற்றைத் தாண்டியதும் இல்லை.

நான் பி.காம். படித்து, வங்கியில் பேரேட்டோடு காலம் தள்ளியவன். கணக்குப் பார்க்காமல் இருக்க முடியாது. உலகக் கோப்பையில் கார்பஹால் ஆடியது 11 ஆட்டங்கள். தோல்வி 8, டிரா 2, வெற்றி 1. வாங்கிய கோல்கள் 25. இந்தக் கணக்கோடு கடன் கேட்டு வந்தால் எந்த மேனேஜரும் கையெழுத்துப் போடமாட்டார்! பிறகு எப்படி ஒரு நாடு 16 வருஷம் இவரையே திரும்பத் திரும்ப அழைத்துப் போனது?

மொத்தத்தை மட்டும் பார்த்தால் இது புரியாது. வருஷவாரியாகப் பார்க்க வேண்டும்.

1950-இல் மூன்று ஆட்டங்கள், 10 கோல்கள். புது மரகானா மைதானத்தில் முதல் ஆட்டத்திலேயே பிரேசில் நான்கு கோல் போட்டது. 1954-இல் அவருக்குக் கிடைத்தது ஒரே ஆட்டம். பிரான்சிடம் 3-2 என்று தோல்வி. 1958-இல் மூன்று ஆட்டங்கள், 8 கோல்கள். ஆனால் அந்த முறை வேல்ஸ் அணியோடு 1-1 என்று டிரா. கடைசி நேரத்தில் கோல் அடித்து வாங்கிய டிரா. உலகக் கோப்பையில் மெக்சிகோ பெற்ற முதல் புள்ளி அதுதான்.

1962, சிலி நாடு. மூன்று ஆட்டங்களில் 4 கோல்கள் மட்டுமே. ஸ்பெயினோடு 90-ஆவது நிமிடம் வரை தாக்குப்பிடித்து, அப்புறம் ஒரு கோலில் தோற்றார்கள். மூன்றாவது ஆட்டத்துக்கு முன்பே வெளியேறுவது உறுதியாகிவிட்டது. அந்த ஆட்டம் செக்கோஸ்லோவாக்கியாவோடு, ஜூன் 7-ஆம் தேதி. கார்பஹாலுக்கு அன்று 33-ஆவது பிறந்தநாள். ஆட்டம் தொடங்கி 20 வினாடிகூட ஆகவில்லை, பந்து அவர் வலைக்குள் கிடந்தது! 2002 வரை உலகக் கோப்பையில் அதைவிட வேகமான கோல் கிடையாது. அதன்பின் அவர் ஒரு கோல்கூட விடவில்லை. மெக்சிகோ மூன்று கோல் போட்டு வென்றது. 1930 முதல் ஆடிவந்த நாட்டுக்கு உலகக் கோப்பையில் அதுதான் முதல் வெற்றி. தோற்ற செக்கோஸ்லோவாக்கியா அந்த வருஷம் இறுதி ஆட்டம் வரை போனது.

1966-இல் அவருக்கு வயது 37. முதல் இரண்டு ஆட்டங்களில் வேறொருவர்தான் கோல் கீப்பர். மூன்றாவதில், லண்டன் வெம்பிளி மைதானத்தில், உருகுவேக்கு எதிராக இவரை இறக்கினார்கள். 0-0. உலகக் கோப்பையில் அவர் கோல் வாங்காத ஒரே ஆட்டம் அவருடைய கடைசி ஆட்டம்தான்.

பத்து, மூன்று, எட்டு, நான்கு, பூஜ்யம். 1954-இல் ஒரே ஆட்டம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், கணக்கு சீராகத் தேறிக்கொண்டே வருகிறது. அணியும் கூடவே தேறியது என்பது உண்மைதான். ஆனால் அந்த ஐந்து முறையும் வலைக்கு முன்னால் நிற்கத் தயாராக இருந்தவர் இவர்.

இன்னொன்று. கோல் கீப்பர் கணக்கில் பற்று மட்டும்தான் எழுதுவார்கள். விட்ட 25 எண்ணிக்கையில் இருக்கிறது. தடுத்தது எத்தனை என்று எந்தப் பட்டியலிலும் இல்லை. வங்கிக் காசாளரும் இதே ஜாதிதான். வருஷமெல்லாம் பணம் சரியாக இருந்தால் பேச்சே இல்லை, ஒருநாள் பத்து ரூபாய் குறைந்தால் ஊருக்கே தெரியும்.

கார்பஹால் 1950 முதல் 1966 வரை லியோன் என்ற ஒரே கிளப்புக்கு ஆடி, அவர்களோடு இரண்டு முறை லீக் பட்டம் வென்றார். பிறகு பயிற்சியாளரானார். 2023 மே மாதம், 93 வயதில் காலமானார்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். விளையாடிவிட்டு வரும் பிள்ளையிடம் "எத்தனை கோல் விட்டே?" என்று கேட்காதீர்கள். "எத்தனை பிடிச்சே?" என்று கேளுங்கள். அந்தக் கணக்கை வேறு யாரும் எழுதி வைக்கப்போவதில்லை. வீட்டில் நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.