மத்தியானத் தூக்கமும் மருந்துப் புட்டியும்



மத்தியான நேரம். அம்மாவுக்குக் கண் சொக்குகிறது. ஆனால் 2 வயதுக் குழந்தை தூங்க மாட்டேன் என்கிறது. பாயில் போட்டால் எழுந்து ஓடுகிறது. தட்டிக் கொடுத்தால் சிரிக்கிறது. அதட்டினால் அழுகிறது.

இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் சில வீடுகளில் இது ஆபத்தில் போய் முடிகிறது. அப்படி முடிய இருந்த ஒரு வீட்டின் கதையைக் கேளுங்கள்.

மும்பையில் தாராவி என்ற இடம் இருக்கிறது. அங்கே தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போனவர்கள் அதிகம். இட்லி அவித்து விற்பது அங்கே பல குடும்பங்களின் தொழில்.

ஒரு சந்தில் அப்படி ஒரு குடும்பம். ஒரே அறை. தகரக் கூரை. அம்மா அதிகாலை 3 மணிக்கு எழுந்துவிடுவாள். இட்லி அவித்து, சட்னி அரைத்து, பாத்திரத்தில் அடுக்குவாள். 6 மணிக்கு அப்பா சைக்கிளில் விற்கக் கிளம்புவார். 11 மணிக்குத் திரும்புவார். அம்மா பாத்திரம் கழுவி, அரிசியும் உளுந்தும் ஊறப் போடுவாள். மாலையில் மாவு அரைக்க வேண்டும். இடையில் அவளுக்குக் கிடைப்பது மத்தியானத் தூக்கம் மட்டும்தான்.

அந்தத் தூக்கத்துக்குத்தான் பாப்பா விடுவதில்லை. பாப்பாவுக்கு 2 வயது 3 மாதம். "பூச்சாண்டி வருவான்" என்று அம்மா பயம் காட்டினாள். பாப்பா பயந்து இன்னும் விழித்துக்கொண்டது. ஒரு நாள் முதுகில் ஓர் அடி வைத்தாள். பாப்பா விம்மி விம்மி அழுதது. அம்மாவும் அழுதாள்.

பக்கத்து வீட்டு அக்கா வந்தார்.

"ஏட்டி, எதுக்கு அழுத? இருமல் மருந்து அரை மூடி ஊத்திக் குடு. ரெண்டு மணி நேரம் அசையாது. என் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் குடுத்தேன்."

அக்கா கெட்டவர் அல்ல. உதவி செய்யத்தான் நினைத்தார். வீட்டிலிருந்து ஒரு புட்டியையும் கொண்டுவந்து கொடுத்தார்.

அம்மா மூடியைத் திறந்தாள். ஊற்றப் போகும்போது புட்டியில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தாள். எழுத்து எல்லாம் இங்கிலீஷ். அவளுக்குத் தெரியாது. ஆனால் எழுத்தறிவு வகுப்பில் எண்கள் படித்திருந்தாள். அந்த எழுத்துகளுக்கு நடுவே 4 என்ற எண் இருந்தது.

"இது என்ன 4? நாலு சொட்டா? நாலு வேளையா?"

அவளுக்குச் சந்தேகம் வந்தது. மூடியை மூடினாள். பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு அங்கன்வாடிக்குப் போனாள்.

அங்கன்வாடி டீச்சர் படித்துச் சொன்னார்: "நாலு சொட்டும் இல்ல, நாலு வேளையும் இல்லம்மா. நாலு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு இதைக் கொடுக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு."

அம்மாவின் கை நடுங்கியது.

தாய்மார்களே! சளி, மூக்கடைப்புக்குக் கொடுக்கும் ஒரு வகைக் கூட்டு மருந்தில் இப்படி அச்சிட வேண்டும் என்று 2023 டிசம்பரில் உத்தரவு வந்தது. மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை போட்ட உத்தரவு இது. 2 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்தே எழுதிக் கொடுக்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய அரசு டாக்டர்களுக்கு அறிவுறுத்தியது. 5 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் பொதுவாக இந்த மருந்துகள் வேண்டாம் என்றது.

ஏன்? சில மருந்துகள் குழந்தையை மயக்கும். அது நல்ல தூக்கம் அல்ல. அளவு கூடினால் மூச்சு மெதுவாகும். உயிருக்கே ஆபத்து வரலாம். சில குழந்தைகளுக்கு மயக்கத்துக்குப் பதில் பரபரப்பு வரும்.

இது இன்று வந்த பழக்கம் அல்ல. 1920-களில் பம்பாய்ப் பஞ்சாலைகளில் பல பெண்கள் வேலை செய்தார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அதனால் அபினைக் கொஞ்சம் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டு ஆலைக்குப் போனார்கள். அந்தக் கால விசாரணைகளில் இது பதிவாகி இருக்கிறது. அந்தத் தாய்மார்களுக்குப் பாசம் இல்லாமல் இல்லை. ஓய்வு இல்லை. உதவி இல்லை. நூறு ஆண்டு கழிந்துவிட்டது. அபின் போய் இருமல் மருந்து வந்திருக்கிறது. உதவி இல்லாத வீடு மட்டும் மாறவில்லை.

சரி, பாப்பா ஏன் தூங்கவில்லை? டீச்சர் சில கேள்விகள் கேட்டார்.

"காலையில எத்தனை மணிக்கு எழுந்திருக்கா?"

"ஒன்பது மணி ஆகும் டீச்சர்."

"மத்தியானம் என்ன கொடுக்கறீங்க?"

"அவங்க அப்பா வந்ததும் டீயில பன்னை முக்கிக் கொடுப்பாங்க. பிறகு போன் பார்ப்பா."

"ராத்திரி?"

"பதினொண்ணு ஆகும்."

டீச்சர் சொன்னார்: "ஒன்பதுக்கு எழுந்த பிள்ளைக்கு ஒரு மணிக்கு எப்படித் தூக்கம் வரும்? டீ வேற குடிக்குது. டீ தூக்கத்தை விரட்டும். மத்தியானத் தூக்கத்துக்கு நாம காலையிலேயே வழி பண்ணணும்."

1 வயதும் 2 வயதும் ஆன குழந்தைக்கு ஒரு நாளில் 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை. 3, 4 வயதில் 10 முதல் 13 மணி நேரம் தேவை. இரவும் பகலும் சேர்ந்த கணக்கு இது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. பாப்பாவின் தூக்கம் இதில் குறைந்தது. தூக்கம் குறைந்த குழந்தை சோர்ந்து படுக்கும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. அது இன்னும் துள்ளும். காரணம் இல்லாமல் அழும்.

டீச்சர் சொன்னபடி அந்த வீட்டில் சில மாற்றங்கள் செய்தார்கள்.

காலை 7 மணிக்குப் பாப்பாவை எழுப்பினார்கள். சந்தில் நன்றாக ஓடி விளையாட விட்டார்கள். டீயை நிறுத்தினார்கள். 12 மணிக்குப் பருப்புச் சோறு கொடுத்தார்கள். பிறகு போன் கிடையாது. ஈரத் துணியால் முகம், கை, கால் துடைத்தார்கள். ஜன்னலில் பழைய சேலையைத் தொங்கவிட்டார்கள். தினமும் அதே மூலை. அதே பாய். அதே தாலாட்டு. அம்மா பக்கத்தில் படுத்தாள். பேசவில்லை. அதட்டவில்லை.

தூளி கட்டவில்லை. 2 வயதுக் குழந்தை தூளியில் எழுந்து நிற்கும். விழும். சேலை கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.

முதல் நாள் பாப்பா தூங்கவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. அரை மணி நேரம் பார்த்துவிட்டு அம்மா எழுப்பிவிட்டாள். நான்காம் நாள் அம்மாவின் சேலை நுனியைப் பிடித்தபடியே பாப்பா தூங்கிப் போனது. மூன்றரை மணிக்கு எழுப்பினார்கள். அதற்கு மேல் விட்டால் இரவுத் தூக்கம் கெடும். இரவு 9 மணிக்கே தூங்கத் தொடங்கியது.

இப்போதும் சில நாள் பாப்பா தூங்குவதில்லை. அப்போது அம்மா என்ன செய்வாள்? ஒரு நாள் கணவரிடம் கேட்டாள்:

"ஏங்க, நானும் மூணு மணிக்கு எழுந்தவதானே? ஒரு மணி நேரம் பாப்பாவை நீங்க பாருங்களேன்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பாப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டார். "நீ படு" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அந்த ஒரு மணி நேரம் அம்மா நிம்மதியாகத் தூங்கினாள்.

தகப்பன்மார்களே! கவனியுங்கள். குழந்தையின் தூக்கம் அம்மாவின் வேலை மட்டும் அல்ல. மாமியார், அத்தை, அண்டை வீட்டார் எல்லாரும் மாறி மாறிப் பார்க்கலாம். சில அங்கன்வாடிகளில் குழந்தைக் காப்பகமும் சேர்ந்து நடக்கிறது. உங்கள் பகுதியில் உண்டா என்று கேளுங்கள்.

3 வயதுக்கு மேல் சில குழந்தைகள் மத்தியானத் தூக்கத்தைத் தாமாகவே விட்டுவிடும். இரவில் நன்றாகத் தூங்கி, பகலில் சுறுசுறுப்பாக இருந்தால் கவலை வேண்டாம். சும்மா படுத்திருந்தாலும் போதும். ஆனால் குறட்டை விட்டு மூச்சுத் திணறினால் டாக்டரிடம் காட்டுங்கள்.

மருந்து கொடுத்த குழந்தை எழுப்பியும் எழாவிட்டால் காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அந்தப் புட்டியையும் எடுத்துப் போங்கள்.

அந்தப் புட்டி என்ன ஆயிற்று? அம்மா அதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொண்டுபோனாள். 4 என்ற எண்ணை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"யக்கா, இது என்ன எண்ணுன்னு தெரியுதா?"

அக்காவுக்குத் தெரியவில்லை. மறுநாள் மாலை அவரும் வகுப்புக்கு வந்து உட்கார்ந்தார்.